கெரட்டின் இழையாகாமல் திரிகிறது: ஹிஸ் டேக்தான் காரணமா?

வணக்கம். மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். மனிதக் கெரட்டின் 8, 18 (செல்லுக்குள் எலும்புக்கூடு போல இழையாக நிற்கும் புரதங்கள்) இரண்டையும் யூரியாவில் கரைத்துக் கலந்து, யூரியாவை எடுத்தால் 10 நானோமீட்டர் தடிமனில் நீண்ட இழைகள் வரவேண்டும். எனக்கு வருவது திரிந்த பால்.

ஈ.கோலி பாக்டீரியாவில் தனித்தனியாக எடுத்தவை. இரண்டும் இன்க்ளூஷன் பாடியாகத்தான் (கரையாத புரதக் கட்டியாக) கிடைத்தன. 8 மோலார் யூரியாவில் கரைத்து, சம மோல் அளவில் கலந்து, படிப்படியாக 2 மில்லிமோலார் டிரிஸ், பிஎச் 9-க்கு டயாலிசிஸ் (சவ்வு வழியாக யூரியாவை வெளியேற்றுவது). செறிவு மில்லிலிட்டருக்கு 0.2 மில்லிகிராம். அதுவரை கண்ணாடி போலத் தெளிவு. டெட்ராமர் (நான்கு புரதங்கள் சேர்ந்த அலகு) வரை ஒழுங்காகப் போகிறது என்றுதான் நினைக்கிறேன். பிஎச்சை 7.5-க்கு இறக்கியதும் ஒரே நிமிடத்தில் கலங்கிவிடுகிறது. யுரேனைல் அசிடேட் சாயமிட்டு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் குட்டைத் துண்டுகளும் கட்டிகளும்தான்.

பழைய யூரியாவில் சயனேட் சேர்ந்து லைசினைக் கெடுக்கும் என்று புது யூரியா போட்டேன். உப்பை முழுதாக நிறுத்தினேன். சிஸ்டீன்களுக்கு இடையிலான கந்தகப் பிணைப்பை உடைக்கும் டிடிடி-யும் சேர்த்தேன் (இந்த இரண்டிலும் சிஸ்டீனே கிடையாது, வீண்வேலை). ஜெல்லில் இரண்டு பட்டைகளும் சுத்தம், அளவும் சமம். எதிலும் மாற்றமில்லை.

மிச்சமிருப்பது ஒரு சந்தேகம். என் கெரட்டின் 18-இன் அமினோ முனையில் ஆறு ஹிஸ்டிடின் டேக் (புரதத்தைப் பிரித்தெடுக்க ஒட்டவைக்கும் சிறு துண்டு) இருக்கிறது. நடுத்தண்டுகள் சுருண்டு ஜோடி சேர, அந்த முனையிலுள்ள தலைப்பகுதி வேண்டாம். ஆனால் டெட்ராமர்கள் இழையாக நீள, ஆர்ஜினின் நிறைந்த அந்தத் தலை வேண்டும். அதன் நுனியில்தான் டேக் உட்கார்ந்திருக்கிறது.

டேக்கை வெட்டாமலே 8/18 இழைகளைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா, இல்லை வெட்டியே ஆகவேண்டுமா?