சிபிஜி: பறவையில் பார்த்தது, பாலூட்டியில் பார்த்தது

ஜன்கோ:
மிஸ்ட் நெட்டில் (பறவை பிடிக்கும் மெல்லிய வலை) விழுந்த ஜன்கோ குருவி. மூன்று நிமிடத்துக்குள் இறக்கை நரம்பில் முதல் ரத்தம், அப்புறம் துணிப்பை, அரை மணியில் அடுத்தது. பறவையின் அழுத்த ஹார்மோனான கார்டிகோஸ்டீரோன் ஏறியதில் வியப்பில்லை. அதே பிளாஸ்மாவில் டெஸ்டோஸ்டீரோனை விட்டபோதுதான் திகைத்தேன். ரத்தத்தில் அழுத்த ஹார்மோனைச் சுமக்கும் புரதம்தான் சிபிஜி. அதில் ஒட்டியிருந்த, அடையாளத்துக்காகக் கதிரியக்க ட்ரிட்டியம் போட்ட கார்டிகோஸ்டீரோனை டெஸ்டோஸ்டீரோன் கழற்றிவிட்டது. மனிதருக்கு டெஸ்டோஸ்டீரோனைச் சுமக்க எஸ்எச்பிஜி என்ற புரதம் தனியாக உண்டு, பறவைக்குக் கிடையாது. இரண்டும் ஒரே புரதத்தில் இடம் பிடிக்கின்றன. அப்படியென்றால் பயந்துபோன ஆண் குருவிக்குள் கட்டற்ற (புரதத்தில் ஒட்டாத) டெஸ்டோஸ்டீரோனும் சேர்ந்தே ஏறுமா? இன்றுவரை அரித்துக்கொண்டிருக்கிறது.

நெய்தல்:
பாலூட்டிக் கணக்கில் என்னையே சேர்த்துக்கொள்ளுங்கள். கருத்தடை மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த சமயம், ரிப்போர்ட்டில் மனிதரின் அழுத்த ஹார்மோனான கார்டிசாலைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கார்டிசால் மிகுந்துபோகும் குஷிங் நோயாக இருக்கலாம் என்று ஸ்கேனுக்கே எழுதிவிட்டார்கள். மாத்திரை பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஈஸ்ட்ரோஜன் கல்லீரலில் சிபிஜியைக் கூட்டும், அதனால் மொத்தக் கார்டிசால் ஏறும். கட்டற்றதுதான் உமிழ்நீருக்கு வரும். இரவு உமிழ்நீரில் பார்த்தால் எல்லாம் இயல்பு. அந்தச் சிவப்பு வட்டத்தை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

பனிப்பெட்டி:
எலி பிளாஸ்மாதான் என் வேலை, பெரிய கதை இல்லை. ஆனால் ஜன்கோ சார், நீங்கள் சொல்வதை அப்படியே ஏற்க முடியவில்லை. அசே (பிணைப்பை அளக்கும் சோதனை) எத்தனை டிகிரியில் செய்தீர்கள்? வழக்கமாக 4 டிகிரியில் செய்வோம். குருவியின் உடம்போ 41 டிகிரி. மனித சிபிஜியே காய்ச்சல் சூட்டில் பிடியைத் தளர்த்துகிறது. குழாயில் கழன்றதை வைத்து உடம்புக்குள்ளும் கழலும் என்று சொல்லாதீர்கள். இன்னொன்று, முதலில் கரித்தூள் போட்டு பிளாஸ்மாவில் ஏற்கெனவே உள்ள ஹார்மோனை நீக்குங்கள். உருக்கி உறைய வைப்பதைத் திரும்பத் திரும்பச் செய்யாதீர்கள். கட்டற்ற அளவு என்று நாம் எழுதுவது கணக்குப் போட்டு வந்த எண்தான், ஆகவே மொத்த அளவையும் பிணைக்கும் திறனையும் தனித்தனியே கொடுங்கள்.

யூகலிப்டஸ்:
பனிப்பெட்டி, சூட்டை மட்டும் பிடித்துக்கொள்ளாதீர்கள். ஆஸ்திரேலியாவில் இனச்சேர்க்கைக் காலம் முடியும் தறுவாயில் ஓர் ஆண் ஆன்டெகைனஸை (எலி போன்ற சிறிய பைப்பாலூட்டி) பார்த்தேன். பட்டப்பகலில், முடி கொட்டிய முதுகோடு, ஆளைக் கண்டும் ஓடாமல் நின்றது. அதற்கு டெஸ்டோஸ்டீரோன் ஏறும்போது சிபிஜியின் அளவே சரிந்துவிடுகிறது. கார்டிசாலைப் பிடித்துவைக்க ஆள் இல்லை. குடல் புண், ஒட்டுண்ணி, நோய் எதிர்ப்பு காலி. அந்தப் பருவத்து ஆண்கள் எல்லாமே செத்துவிடும். ஜன்கோ சார், உங்கள் ஆண் குருவிகளில் இனப்பெருக்கக் காலத்தில் சிபிஜி எப்படி இருக்கிறது? அதைச் சொல்லுங்கள்.