மறு: 'கால்பேக்' என்பதற்குத் தமிழ் – 'விளிகூறு' என முன்மொழிகிறேன்

அன்புடையீர், வணக்கம்.

ஒரு செயற்கூற்றை, அதாவது ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டை, நாமே ஓட்டாமல், வேண்டியபோது ஓட்டிக்கொள்ளும்படி நிரலின் வேறொரு பகுதியிடம் ஒப்படைத்தால் அதுதான் கால்பேக். அதற்கு இந்த இழையில் இதுவரை வந்த பின்னழைப்பு, மறு அழைப்பு, நிகழ்வுக் கையாளி ஆகிய மூன்று சொற்களையும் கேரளத்தின் பாலக்காட்டு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் சனிக்கிழமை வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். மூன்றும் எனக்கு நிறைவு தரவில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். சாளர நிரல் எழுதக் கற்கும் பிள்ளைகள் முதலில் இடறுவது இந்த இடத்தில்தான்.

எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் சித்தூர் தாலுகாவின் தமிழ்வழிப் பள்ளிகளில் படிப்பவர்கள். பள்ளிக் கணினியில் இருப்பது கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் தரும் உபுண்டு சார்ந்த லினக்ஸ் இயங்குதளம். பைதான் நிரல்மொழியில் டர்ட்டில் என்ற வரையும் ஆமையைக் கொண்டு வட்டமும் சதுரமும் வரைந்து பழகியிருக்கிறார்கள். அந்த ஆமை ஊர்வதே, பைதானில் சாளரம் அமைக்க உதவும் நிரலகமான டிகிண்டர் விரித்துக் கொடுக்கும் திரையில்தான் என்று சொன்னதும் சாளர நிரல்மேல் இருக்கும் பயம் பாதி போய்விடுகிறது. சாளரம், பொத்தான், உரைப்பெட்டி, பட்டி எல்லாம் ஒரே நாளில் நாக்கில் ஏறிவிட்டன. அவற்றைப் பற்றி இனி விவாதிக்கத் தேவையில்லை.

சிக்கல் பொத்தானுக்கு வேலை கொடுக்கும்போது வருகிறது. பைதான் 3-இல் செயற்கூற்றுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால் நாங்கள் 'சேமி' என்று ஒரு செயற்கூறு எழுதுகிறோம். பொத்தானை உருவாக்கும் வரியில் கமாண்ட் என்ற இடத்தில் சேமி என்று மட்டும் எழுத வேண்டும். பிள்ளைகள் பழக்கத்தில் சேமி() என்று அடைப்புக்குறியும் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் பொத்தான் உருவாகும் அந்த நொடியே, சாளரம் திரைக்கு வரும் முன்பே, சேமி ஓடி முடிந்துவிடும். அது எதையும் திருப்பித் தராததால் பொத்தானுக்கு மிஞ்சுவது வெறுமை. அப்புறம் எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. பிழைச் செய்தியும் வராது. பிழைச் செய்தி வந்தால் தேடித் திருத்தலாம். வராத பிழைதான் புதிதாகக் கற்பவரை மிகவும் சோர்வடையச் செய்கிறது.

'ஆஃப்டர்' என்ற வசதியிலும் இதே கதை. ஆயிரம் மில்லிநொடி கழித்து மணிகாட்டியைப் புதுப்பி என்று சொல்ல வேண்டிய இடத்தில் அடைப்புக்குறி போட்டால் அது இப்போதே ஓடிவிடும்.

இந்த வேறுபாட்டைத் தமிழ் இலக்கணம் நமக்கு முன்பே சொல்லிக் கொடுத்திருக்கிறது. தொல்காப்பியம் வேற்றுமைகளை எண்ணும்போது பெயரில் தொடங்கி விளியில் முடிக்கிறது. விளிக்கென்று தனி இயலே வைத்திருக்கிறது. கண்ணன் என்பது பெயர். கண்ணா என்பது விளி. பெயரைச் சொன்னால் ஆள் யார் என்று தெரியும், அவ்வளவுதான். விளித்தால் ஆள் திரும்பிப் பார்ப்பான். சேமி என்று வெறுமனே எழுதுவது பெயர், சேமி() என்று எழுதுவது விளி. அந்த அடைப்புக்குறிதான் விளியுருபு. பொத்தானிடம் பெயரைக் கொடு, நீ விளிக்காதே. அழுத்தும்போது பொத்தான் விளித்துக்கொள்ளும். வேற்றுமை படித்த எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

எங்கள் பகுதிக்கு இன்னொரு வசதியும் உண்டு. மலையாளத்தில் 'விளி' அன்றாடச் சொல். கடையிலும் பேருந்திலும் பிள்ளைகள் நாள்முழுக்கக் கேட்பது. குமரி மாவட்டத் தமிழிலும் 'அவனை விளி' என்பது வீட்டுப் பேச்சுதான். பழந்தமிழ்ச் சொல்லைத் தூசு தட்டி எடுக்கிறோம் என்ற கூச்சமே இங்கே இல்லை.

ஆகவே பொத்தானிடம் ஒப்படைக்கப்படும் செயற்கூற்றுக்கு 'விளிகூறு' என்று முன்மொழிகிறேன். செயற்கூறு என்பதில் உள்ள கூறு இதிலும் நிற்கிறது. குடிநீர் போல இதுவும் வினைத்தொகை; விளித்த, விளிக்கின்ற, விளிக்கும் என்று முக்காலமும் உள்ளே மறைந்திருக்கிறது. எப்போது ஓடும் என்று எழுதும்போது தெரியாத ஒன்றுக்குக் காலம் காட்டாத பெயர் பொருத்தம் என்பது என் எண்ணம்.

இனி மற்றவர்கள் எழுதியதற்கு வருகிறேன்.

"கடைக்காரரிடம் எண்ணைக் கொடுத்துவிட்டு வருகிறோம், சரக்கு வந்ததும் அவர் நம்மைத் திரும்பக் கூப்பிடுகிறார், அதனால் பின்னழைப்பு" என்று இந்த இழையில் ஓர் ஐயா எழுதியிருந்தார். எடுத்துக்காட்டு நல்லது. ஆனால் சொல்லைத் தனியே கேட்கும் பிள்ளைக்கு, தவறவிட்ட அழைப்புக்குத் திருப்பி அடிப்பதுதான் நினைவுக்கு வருகிறது. 'நான் முதலில் யாரை அழைத்தேன்?' என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பின், மறு என்ற முன்னொட்டுகள் எங்கோ ஒரு முதல் அழைப்பு நடந்ததாக நினைக்க வைக்கின்றன.

நிகழ்வுக் கையாளி, அதாவது பொத்தானை அழுத்துவது போன்ற ஒரு நிகழ்வு நடக்கும்போது ஓடும் செயற்கூறு, நல்ல சொல், அது இருக்கட்டும். ஆனால் அது வேறு பொருள். பட்டியலை நீளப்படி வரிசைப்படுத்த ஒரு செயற்கூற்றின் பெயரைக் கொடுக்கிறோமே, அங்கே எந்த நிகழ்வும் இல்லை. இருந்தாலும் கொடுப்பது கால்பேக்தான். எல்லாக் கையாளியும் விளிகூறு, எல்லா விளிகூறும் கையாளி அல்ல. டிகிண்டரில், நிகழ்வோடு செயற்கூற்றை இணைக்கும் பைண்ட் வழியாகக் கட்டும் விளிகூற்றுக்கு நிகழ்வு ஒரு மதிப்பாக வந்து சேர்கிறது, பொத்தானின் கமாண்ட் வழியாகக் கொடுத்ததற்கு ஒன்றும் வராது. இந்த வேறுபாட்டைப் பேச இரண்டு சொற்களும் வேண்டும்.

பைதானில் ஒரே வரியில் எழுதும் லாம்டா என்ற செயற்கூற்றுக்குப் பெயரே இல்லையே, பெயர்–விளி விளக்கம் அங்கே உடைகிறதே என்று ஒருவர் கேட்கக்கூடும். பெயர்–விளி என்பது கற்பிக்கும் முறை; விளிகூறு என்பது சொல். பெயர் இல்லாத செயற்கூற்றையும் பொத்தான் விளிக்கத்தான் செய்கிறது. அதனால் சொல்லுக்குக் குறை இல்லை. 'கூட்டு(5)' என்று மதிப்போடு சேர்த்துக் கொடுக்க வேண்டிய இடத்தில்தான் லாம்டா வேண்டியிருக்கிறது. அந்த விளியை உள்ளே பொதிந்து, பொதியை மட்டும் பொத்தானிடம் தருகிறோம் என்று சொன்னால் போதும்.

உண்மையிலேயே வலுவான மறுப்பு ஒன்று உண்டு. விளிதல் என்றால் இறத்தல். குறளிலேயே அந்தப் பொருளில் ஆட்சி இருக்கிறது. விளித்தல் வேறு, விளிதல் வேறு. ஆனால் வினைத்தொகையில் அந்த வேறுபாடு தெரியாமல் போகிறது. இலக்கியம் படித்தவர் விளிகூறு என்பதை அழியும் கூறு என்று பிரிக்க இடமுண்டு. விளி வேற்றுமையைப் படிக்கும்போது யாருக்கும் சாவு நினைவுக்கு வருவதில்லை என்பதால் நான் இதைப் பொருட்படுத்தவில்லை. இந்தக் குழுவில் இருக்கும் தமிழாசிரியர்கள் மாறாகக் கருதினால் கேட்டுக்கொள்கிறேன்.

தமிழ்நாட்டுப் பாடநூலில் செயற்கூற்றை 'அழைத்தல்' என்றே இருக்கிறது. மாநில எல்லையிலுள்ள வேலந்தாவளம் தாண்டி வரும் பிள்ளைகள் அப்படித்தான் சொல்கிறார்கள். அதை மாற்றச் சொல்லவில்லை. அழைத்தலும் விளித்தலும் ஒன்றே என்று பாடத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். 'அழைகூறு' என்று வைத்துவிடலாமே என்றால், சொல் நிற்கும். இலக்கணத்தோடு உள்ள தொடர்பு போய்விடும். எனக்கு அந்தத் தொடர்பு முக்கியம்.

தொடக்கநிலைப் பாடக் குறிப்பை இந்த மாத இறுதியில் படியெடுக்கக் கொடுக்கிறோம். அதில் விளிகூறு என்று போட்டு, பக்கத்தில் கால்பேக் என்றும் தமிழ் எழுத்தில் எழுதுவதாக இருக்கிறேன். ஜிடிகே, க்யூட்டி போன்ற பிற சாளர நிரலகங்களைப் பயன்படுத்துபவர்கள் உங்கள் நிரல் ஒன்றை விளக்கும் பத்தியில் இந்தச் சொல்லைப் போட்டு எழுதிப் பார்த்து, எந்த வாக்கியத்தில் இடிக்கிறது என்று இங்கேயே தெரிவியுங்கள். பன்மை, வேற்றுமை உருபு ஏற்பதில் சிக்கல் இருந்தால் அதையும் எழுதுங்கள். விளிகூற்றை, விளிகூற்றுக்கு, விளிகூறுகள் என்று நான் எழுதிப் பார்த்தவரை சரியாகவே வருகிறது.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து