இடது பிரேக் லைட் மட்டும் செம்மஞ்சளாக எரிகிறது

வணக்கம். தலவாக்கலையில் இருக்கிறேன். வாகனம் 2015 ஆல்டோ. மூன்று மாதமாக, பிரேக் மிதித்தால் வலது லைட் நல்ல சிவப்பு, இடது வெளிறிய செம்மஞ்சள். ஹட்டன் பாதைப் பனிமூட்டத்தில் பின்னால் வருபவர் அதை சிக்னல் என்று நினைத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

இரண்டுக்கும் புதிய 21/5 வாட் பல்ப் போட்டேன். இடம் மாற்றியும் பார்த்தேன், அதே இடதுதான். மின்னழுத்தம் குறைந்தாலும் இழை மங்கி மஞ்சளாகும் என்பதால் எர்த் (பொடியோடு சேரும் வயர்) இணைப்பைச் சுரண்டி, மீட்டரும் வைத்தேன். இரு பக்கமும் 12 வோல்ட்.

இடது பக்கம்தான் லயத்து (தோட்ட வரிசை வீட்டு) வாசலில் பின்னேர வெயிலைப் பார்த்து நிற்கும். லென்ஸைக் கழற்றிப் பார்த்தேன்: திருகாணி மூடிய இடத்தில் மட்டும் வட்டமாகப் பழைய கருஞ்சிவப்பு, மற்றதெல்லாம் வெளுப்பு. வெள்ளை எல்இடி போட்டால் இன்னும் இளஞ்சிவப்பாகும், அது வேண்டாம்.

ஒரு லென்ஸை மட்டும் மாற்றினால் நிறம் பொருந்துமா, சோடியாகத்தான் மாற்ற வேண்டுமா?