கிளப்பின் கணக்கைப் படிக்க உதவி வேண்டும்

நண்பர்களே, நிறுவனக் கணக்கு, தணிக்கை தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள்.

நான் பல வருடமாக ஆதரிக்கும் இங்கிலாந்துக் கால்பந்து கிளப் (பெயர் வேண்டாம்) கைமாறி மூன்று சீசன் ஆகிறது. அங்கே கம்பெனீஸ் ஹவுஸ் (அரசின் நிறுவனப் பதிவகம்) தளத்தில் நிறுவனங்கள் தாக்கல் செய்யும் கணக்குகளை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். அப்படித்தான் எங்கள் கிளப்பின் ஆண்டுக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டிக்கெட் வருமானம், ஒளிபரப்பு வருமானம், சம்பளச் செலவு எல்லாம் புரிகிறது. கடைசியில் வரும் குறிப்புகளில்தான் திணறுகிறேன்.

உரிமையாளரின் இன்னொரு நிறுவனம் கிளப்புக்குக் கடன் கொடுத்திருக்கிறது. வட்டி எவ்வளவு, எப்போது திருப்பித் தர வேண்டும் என்று எங்கேயும் காணோம். மைதானத்தின் மேல் புதிதாக ஓர் அடமானமும் பதிவாகியிருக்கிறது. இரண்டும் ஒரே கடன்தானா? இதை எப்படிக் கண்டுபிடிப்பது? அப்புறம், கிளப் தொடர்ந்து இயங்குமா என்பதில் நிச்சயமின்மை இருப்பதாகத் தணிக்கையாளர் எழுதியிருக்கிறார். இது வழக்கமான வாசகமா, உண்மையிலேயே பயப்பட வேண்டியதா?

2005-ல் கிளேசர் குடும்பம் மான்செஸ்டர் யுனைடெட்டை வாங்கியபோது, வாங்குவதற்காகப் பட்ட கடனில் பெரும்பகுதி கிளப்பின் தலையிலேயே விழுந்தது. அது பெரிய கிளப், தாங்கியது. 1894 முதல் இங்கிலாந்துக் கால்பந்து லீக்கில் ஆடிய பரி (Bury) என்ற கிளப்பை 2019-ல் பணப் பிரச்சினையால் வெளியேற்றினார்கள். எங்களுடையதும் சின்ன கிளப்தான். அதனால்தான் தூக்கம் வரவில்லை.

அடுத்த மாதம் ரசிகர்களுடன் நிர்வாகம் பேசப்போகிறது. அதற்குள் சரியான கேள்விகளைத் தயார் செய்ய வேண்டும். கேட்டால் கணக்கறிக்கையை அனுப்புகிறேன்.