பேட்டர்ன் ரெக்கக்னிஷன் ரிசப்டர்: ‘வடிவ உணர் ஏற்பி’ பொருந்துமா?

வணக்கம் ஐயா. ‘பேட்டர்ன் ரெக்கக்னிஷன் ரிசப்டர்’ என்பது கிருமி நுழைந்ததை உணரும் நம் உடலின் புரதம். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் பேச்சில் நீங்கள் எழுதியதற்கு என் பதில் இது.

> ‘வடிவ உணர் ஏற்பி’ என்றே வைக்கலாமே. பேட்டர்ன் என்றால் வடிவம்தானே?

‘ஏற்பி’யில் எனக்கு மறுப்பில்லை, அது ஏற்கெனவே புழங்குகிற சொல். ‘வடிவம்’தான் உறுத்துகிறது. வடிவம் பார்த்துப் பொருந்துவது எல்லா ஏற்பிகளின் வேலையும்தான். இன்சுலின் ஏற்பியும் அதைத்தான் செய்கிறது. 1989இல் நோயெதிர்ப்பியல் அறிஞர் சார்ல்ஸ் ஜேன்வே இந்தப் பெயரை வைத்தபோது சொல்ல வந்தது வேறு. ஒரு கூட்டத்துக் கிருமிகளுக்கெல்லாம் பொதுவாக இருக்கிற, நம் செல்களில் இல்லாத மூலக்கூறுகளை அடையாளம் காணும் ஏற்பிகள் நமக்குப் பிறவியிலேயே இருக்க வேண்டும் என்றார்.

நிமோனியாவை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். அதை உண்டாக்கும் பாக்டீரியாக்களில் ஒன்றான நிமோகாக்கஸில், மேலுறையைப் பொறுத்து, 100 உறை வகைகளுக்கு மேல் உண்டு. தடுப்பூசியால் உருவாகும் எதிர்ப்பொருள்கள் உறை வகையைப் பார்த்துத்தான் பிடிக்கும். ஊசியில் இல்லாத வகை பெரும்பாலும் தப்பிவிடும். நுரையீரல் நுண்ணறையில் (காற்றுப் பையில்) காத்திருக்கும் மேக்ரோபேஜ் என்ற விழுங்கு செல்லுக்கோ அந்தக் கணக்கே கிடையாது. அதன் மேற்பரப்பில் உள்ள டோல்வகை ஏற்பி 2 (நாம் பேசும் ஏற்பிகளில் ஒரு குடும்பம் டோல்வகை), எந்த வகை நிமோகாக்கஸானாலும் அதன் லிப்போபுரதங்களை, அதாவது கொழுப்பு ஒட்டிய புரதங்களை, உணரும். விழுங்கிய பிறகு கிருமியின் டிஎன்ஏவை டோல்வகை ஏற்பி 9 உணரும், செல்சுவரின் துண்டுகளை நாட் 2 என்ற இன்னொரு ஏற்பி உணரும். கிளெப்சியெல்லா என்ற வேறொரு பாக்டீரியா வந்தால் அதன் வெளிச்சவ்வின் லிப்போபாலிசாக்கரைடுக்கு (கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த மூலக்கூறு) டோல்வகை ஏற்பி 4. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் கசையிழைக்கு (நீந்த உதவும் வால்போன்ற இழை) டோல்வகை ஏற்பி 5.

ஆக, இந்த ஏற்பிகள் ஆளைப் பார்ப்பதில்லை, இனத்தைப் பார்க்கின்றன. ‘இனங்காணுதல்’ என்று நம்மிடமே சொல் இருக்கிறதே! ‘இனங்காண் ஏற்பி’ என்று நான் முன்மொழிகிறேன். பேட்டர்ன், ரெக்கக்னிஷன் இரண்டும் அதற்குள் அடங்கிவிடும்.

> இவ்வளவு நுணுக்கம் பார்க்க வேண்டுமா?

வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். இந்த ஏற்பிகள் பலவற்றின் செய்தியைச் செல்லுக்குள் கடத்துபவை மைடி88, ஐராக்4 என்ற புரதங்கள். அந்தச் செய்தி போனால்தான் சைட்டோகைன்கள் என்ற சமிக்ஞைப் புரதங்கள் சுரந்து, ரத்தத்திலிருந்து நியூட்ரோபில்கள் என்ற வெள்ளணுக்கள் நுரையீரலுக்குள் வரும். இவற்றில் ஒன்று பிறவியிலேயே பழுதான குழந்தைகளை நிமோகாக்கஸ் திரும்பத் திரும்பக் கடுமையாகத் தாக்குகிறது. பெரும்பாலான வைரஸ்களைச் சமாளித்துவிடுகிறார்கள். வளரிளம் பருவம் தாண்டினால் தொல்லை குறைகிறது, எதிர்ப்பொருள்கள் பெருகி ஈடுகட்டுவதால் இருக்கலாம். மாணவருக்கு இதை விளக்கும்போது ‘வடிவம்’ கைகொடுக்காது, ‘இனம்’ கைகொடுக்கும்.

அப்புறம், ‘டோல்’ என்பதைத் தமிழாக்க வேண்டாம். சுங்கச்சாவடிக்கும் அதற்கும் உறவில்லை. பழ ஈயின் மரபணு ஒன்றுக்கு வைத்த ஜெர்மன் சொல் அது, ‘அபாரம்’ என்கிற மாதிரி. ‘டோல்வகை ஏற்பி’ போதும். கிருமியை முன்பே சந்திக்காமலே செயல்படும் ‘இன்னேட் இம்யூனிட்டி’க்கு ‘பிறவி நோயெதிர்ப்பு’ என்றால் பிறவிக் குறைபோல ஒலிக்கிறது. ‘இயல்பு நோயெதிர்ப்பு’ நன்று.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். நுண்ணறையின் ஈரப்படலத்தில் மிதக்கும் சர்ஃபாக்டன்ட் (நுண்ணறைகள் சுருங்கி ஒட்டாமல் காக்கும் பூச்சு) புரதம் ஏ, டி இரண்டும் கிருமிகளின் சர்க்கரை மூலக்கூறுகளை இனங்கண்டு ஒட்டிக்கொள்கின்றன, விழுங்கு செல்களுக்கு வேலை எளிதாகிறது. ஆங்கிலத்தில் இவற்றையும் இதே தலைப்பில் சேர்க்கிறார்கள். ஆனால் எந்தச் செல்லிலும் பதிந்திராத ஒன்றை ‘ஏற்பி’ என்பதா? ‘இனங்காண் புரதம்’ என்று தனியாக வைக்கலாமா? உயிர்வேதியியல்காரர்கள் யாராவது சொல்லுங்கள்.