பாக்க முடியற பிரபஞ்சத்துக்கு அந்தாண்ட என்னதான் இருக்கு?

ராத்திரிப்பறவை:
ரொம்ப நாளா மண்டைய குடையற டவுட்டு. பிரபஞ்சத்தோட வயசு 1380 கோடி வருஷம்ங்கறாங்க, ஆனா நம்மால பாக்க முடியற தூரம் மட்டும் எந்தப் பக்கம் திரும்புனாலும் சுமார் 4650 கோடி ஒளியாண்டுன்னு போட்டிருக்கு. வெளிச்சத்த விட வேகமா எதுவும் போகாதுன்னா கணக்கே இடிக்குதே? சரி அத விடுங்க, அதுக்கும் அந்தாண்ட என்ன, சுவரா, இருட்டா, ஒண்ணுமே இல்லையா? "ஒண்ணுமே இல்ல"ங்கறதயும் என்னால நெனச்சுப் பாக்க முடியல.

அரைகுறை விஞ்ஞானி:
கணக்கு இடிக்கல, வெளிச்சம் வந்துட்டு இருக்கறப்பவே நடுவுல இருக்கற வெளியும் (அதான் ஸ்பேஸ்) விரிஞ்சுகிட்டே இருந்துச்சு, அவ்ளோதான். நம்மகிட்ட வர்றதுலயே ரொம்பப் பழைய வெளிச்சம் பிக் பேங் முடிஞ்சு 3.8 லட்சம் வருஷத்துல கெளம்புனது (ரேடியோ வானியல் ஆராய்ச்சியாளருங்க பென்சியாசும் வில்சனும் ஏதோ இரைச்சல்னு நெனச்சு ஆண்டெனாவுல இருந்த புறா எச்சத்தயெல்லாம் கழுவிப் பாத்தாங்களே, அதேதான்). கெளம்புனப்ப அந்த எடம் நம்ம எடத்துல இருந்து வெறும் 4.2 கோடி ஒளியாண்டுதான், அப்பறம் வெளி 1100 மடங்கு விரிஞ்சதுல இப்ப 4500 கோடிக்கு மேல போயிருச்சு. அந்த எடத்துல சுவரெல்லாம் கெடையாது. அங்க இப்ப யாராச்சும் டெலஸ்கோப் வெச்சு நம்ம பக்கம் பாத்தா நாமதான் "விளிம்பு"ல இருப்போம், அதுவும் நட்சத்திரம் கூட இல்லாத வெறும் சூடான வாயுவா தெரிவோம். அவங்களுக்கும் இதே டவுட்டு வரும் 😄

தூசி:
அப்போ அந்தாண்டயும் இதே மாதிரி கேலக்ஸி கேலக்ஸியா போயிட்டே இருக்குமா? 2008ல "டார்க் ஃப்ளோ"ன்னு ஒண்ணு படிச்சேன், கேலக்ஸி கூட்டங்கள வெளிய இருந்து ஏதோ இழுக்குதுன்னு.

அரைகுறை விஞ்ஞானி:
அத, அந்த ரொம்பப் பழைய வெளிச்சத்த அளந்த பிளாங்க் சாட்டிலைட் டேட்டாவ வெச்சு 2013ல செக் பண்ணாங்க, அப்படி ஒரு இழுவையே தட்டுப்படல. இதே மாதிரி கேலக்ஸிங்கதான் இருக்கும்னு நம்பறதுதான் இப்போதைக்கு நியாயம், ஏன்னா பெரிய அளவுல பாத்தா எல்லாத் திசையும் ஒரே மாதிரிதான் இருக்கு, கரெக்டா நம்ம பார்வை முடியற எடத்துல மட்டும் அது மாறணும்னா நாம என்ன அவ்ளோ ஸ்பெஷலா. மல்டிவர்ஸ் (நம்மளது மாதிரி பல பிரபஞ்சம்), குமிழிக்குள்ள குமிழின்னு சொல்றதெல்லாம் கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா டெஸ்ட் பண்ண வழி இல்லாத வரைக்கும் நான் அத நம்பவும் மாட்டேன் திட்டவும் மாட்டேன்.

ராத்திரிப்பறவை:
நன்றி ப்ரோ. காத்திருந்தா அந்தாண்ட இருக்கறதும் ஒருநாள் தெரியுமா?

ஒளிக்கீற்று:
கொஞ்சம் தெரியும், முழுசா தெரியாது. அங்க இருந்து எப்பவோ கெளம்புன பழைய வெளிச்சம் இன்னும் வழியில இருக்கு, அதனால பல நூறு கோடி வருஷம் போனா இன்னும் கொஞ்சம் எடம் நம்ம பார்வைக்குள்ள வரும். ஆனா விரிவு வேகம் கூடிட்டே போகுதுன்னு 1998லயே கண்டுபிடிச்சுட்டாங்க (2011ல அதுக்கு நோபல் கூட குடுத்தாங்க), அதனால இன்னிக்கு சுமார் 1650 கோடி ஒளியாண்டுக்கு மேல இருக்கற கேலக்ஸி இப்ப விடற வெளிச்சம் நம்மகிட்ட எப்பவுமே வராது. அதுங்களோட பழைய போட்டோ மட்டும்தான் நமக்கு, இப்ப என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்கவே முடியாது. எனக்கு அந்தாண்ட என்னங்கறத விட இதுதான் வயித்த கலக்குது.

தூசி:
மொத்தமா எல்லையே இல்லையா, இல்ல எங்கயாச்சும் முடியுதா, அத யாரும் சொல்லலயே?

ஒளிக்கீற்று:
பிக் பேங் முடிஞ்சு 3.8 லட்சம் வருஷத்துல கெளம்புன அந்தப் பழைய வெளிச்சத்துல இருக்கற புள்ளிங்களோட சைஸ வெச்சு வெளி வளைஞ்சிருக்கான்னு அளந்து பாத்தாங்க, பிழை வரம்புக்குள்ள தட்டையாத்தான் (அதாவது வளைவு இல்லாம) வருது. பந்து மாதிரி வளைஞ்சு மூடிக்கிட்டா கூட நாம பாக்கறத விட பல மடங்கு பெருசா இருக்கணும். அதுக்காக தட்டைன்னா எல்லையில்லாததுன்னு அர்த்தம் இல்ல, ஒரு பக்கமா போய் மறுபக்கமா திரும்பி வர்ற மாதிரியும் இருக்கலாம். அது சின்னதா இருந்திருந்தா ஒரே வட்டம் வானத்துல ரெண்டு எடத்துல தெரியணும். தேடிப் பாத்தாங்க, சிக்கல.