பிரிட்ஜ் ஹம்பக்கர் காதைக் குத்துகிறது: வார்ம் டோனுக்கு எதை மாற்றலாம்?

ஆறுகம்பி:

வணக்கம். லெஸ் பால் வகை கிட்டார். இரண்டு ஹம்பக்கர் (கம்பியின் அதிர்வை மின்னலையாக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்), இரண்டு வால்யூம், இரண்டு டோன். கழுத்துப் பக்கமுள்ள நெக் பிக்கப்பில் குறையில்லை. கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கமுள்ள பிக்கப்தான் கிளீன் சேனலில்கூடக் காதைக் குத்துகிறது, ஆம்ப்பும் சீக்கிரமே கரகரக்கிறது. டோனை 4க்கு இறக்கினால் குத்தல் போய்விடும், ஆனால் கம்பளி போர்த்திய மாதிரி அமுங்கிவிடும். வால்யூமை 6க்குக் குறைத்தால் வார்ம் ஆவதற்குப் பதில் இன்னும் மெலிந்து போகிறது.

வால்யூம் 10இல் வைத்து, கேபிள் முனையில் மல்டிமீட்டர் காட்டியது 13.8 கிலோ ஓம். பாட் (குமிழுக்கு அடியிலுள்ள மாறு ரெசிஸ்டர்) எல்லாம் 500 கிலோ ஓம், டோன் கெப்பாசிட்டர் 0.022 மைக்ரோ ஃபாரட். அடியில் இருப்பது கறுப்பு செராமிக் காந்தம். கேபிள் 6 மீட்டர். புது பிக்கப் வாங்காமல் இதையே மாற்றியமைக்க வழி உண்டா? டோன் கெப்பாசிட்டரை 0.047 ஆக்கினால் போதும் என்கிறார்களே?

சுருள்காரர்:

டோன் கெப்பாசிட்டரைத் தொட வேண்டாம். டோன் 10இல் இருக்கும்போது 0.022க்கும் 0.047க்கும் காதுக்குத் தெரிகிற வித்தியாசம் இருக்காது. குமிழைத் திருப்பும்போதுதான் அதற்கு வேலை. 0.047 போட்டால் நீங்கள் சொன்ன அமுக்கம் இன்னும் கூடும்.

13.8 என்பது வால்யூம் பாட்டோடு பக்க இணைப்பில் தெரிகிற அளவு. பிக்கப் மட்டும் சுமார் 14.2 இருக்கும். 1950களின் கிப்சன் பிஏஎஃப் (PAF) எனும் பழைய ஹம்பக்கர்கள் 42 கேஜ் சுருள் கம்பியில் (கேஜ் எண் கூடினால் கம்பி மெலிது) ஏறத்தாழ 7.5 முதல் 9 கிலோ ஓம் வரை சுற்றப்பட்டவை. உங்களுடையது 43 கேஜாக இருக்கலாம், சுற்றும் அதிகம். இதனால் இண்டக்டன்ஸ் (சுருளின் மின்தூண்டல் அளவு) கூடுகிறது. அது சுமார் 8 ஹென்றி, கேபிளோடு சேர்த்துக் கெப்பாசிட்டன்ஸ் 700 பைக்கோ ஃபாரட் என்று வைத்தால், ஒத்ததிர்வு மேடு, அதாவது பிக்கப் தூக்கலாக ஒலிக்கும் இடம், 2.1 கிலோ ஹெர்ட்ஸில் வரும். 4.5 ஹென்றி உள்ள பழைய பாணி பிக்கப்பில் அதே கேபிளுக்கு 2.8 கிலோ ஹெர்ட்ஸ்.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பழைய பிக்கப்பில் ட்ரெபிள் உங்களுடையதைவிட அதிகம், ஆனாலும் அதைத்தான் வார்ம் என்கிறோம். உங்களைக் குத்துவது 2 கிலோ ஹெர்ட்ஸ் பக்கம் நிற்கிற உயரமான மேடு, கூடவே ஆம்ப்பின் முதல் கட்டத்தைத் திணறடிக்கிற அவுட்புட். ட்ரெபிளை வெட்டினால் இந்த இரண்டும் சரியாகாது. மேட்டைத் தட்டையாக்க வேண்டும், அவுட்புட்டை இறக்க வேண்டும்.

முதலில் உயரம். கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்து, பிக்கப்பின் மேல்பக்கம் கம்பிக்கு நேர்கீழே தெரியும் போல் ஸ்க்ரூவின் தலைக்கும் கம்பியின் அடிப்பக்கத்துக்கும் உள்ள இடைவெளியை அளங்கள். 1.5 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் தடித்த ஈ (E) கம்பி பக்கம் 2.5, மெல்லிய ஈ கம்பி பக்கம் 2 மி.மீ. வரும்வரை பிக்கப்பை இறக்குங்கள். ஒவ்வொரு முறையும் அரைச் சுற்று மட்டும் திருப்பி, வாசித்துக் கேட்டு, பிறகு அடுத்தது. குறைந்த சத்தத்தை ஆம்ப்பில் ஏற்றிக்கொண்ட பிறகுதான் ஒப்பிட வேண்டும். சத்தம் சமமில்லாமல் ஒப்பிட்டால் உரக்கக் கேட்பதே நன்றாக இருப்பதாகத் தோன்றும்.

அடுத்து வால்யூம் குறையும்போது மெலிவது. பின்மூடியைத் திறந்து பிரிட்ஜ் வால்யூம் பாட்டைப் பாருங்கள். உள்ளீட்டு லக்குக்கும் (சாலிடர் வைக்கும் காது) நடு லக்குக்கும் குறுக்கே சின்னக் கெப்பாசிட்டர் இருந்தால் அது ட்ரெபிள் ப்ளீட். வால்யூம் இறங்கும்போது ட்ரெபிளை மட்டும் தப்பவிடுவதுதான் அதன் வேலை. ஒரு காலைக் கழற்றி விடுங்கள், மெலிவது நிற்கும்.

மூன்றாவது, பிக்கப் உள்ளே வருகிற லக்குக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 470 கிலோ ஓம், கால் வாட் ரெசிஸ்டர் ஒன்று. இப்போது வால்யூமும் டோனுமாக 250 கிலோ ஓம் சுமை இருக்கிறது. இதைச் சேர்த்தால் 163 ஆகும். மேடு இருந்த இடத்திலேயே தாழும், ஒலி அமுங்காது. பிரிட்ஜ் வால்யூமில் மட்டும் போடுங்கள், நெக் தனியாக வாசிக்கும்போது மாறாது. சாலிடர் வைப்பதற்கு முன் முதலைக் கிளிப்பால் மாட்டிக் கேட்டுப் பாருங்கள். சென்னை ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும் சாமான்தான்.

கேபிளோடு இணையாக 470 பைக்கோ ஃபாரட் கெப்பாசிட்டர் போடும் பழக்கமும் உண்டு. 8 கிலோ ஓம் பிக்கப்புக்கு அது நல்ல யோசனை. உங்களுடையதில் மேடு 1.6 கிலோ ஹெர்ட்ஸுக்கு இறங்கி, மூக்கால் பேசுகிற ஒலிதான் வரும்.

ஈயப்புகை:

மேலே சொன்னதெல்லாம் சரி, அந்த வரிசையிலேயே செய்யுங்கள். ஆனால் செராமிக்கின் கடினமான அட்டாக் ரெசிஸ்டரால் போகாது. அதற்குக் காந்தத்தைத்தான் மாற்ற வேண்டும். செராமிக் மின்சாரம் கடத்தாது; அல்நிக்கோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்ந்த இரும்புக் கலவை) உலோகம், அதற்குள் எழும் சுழல் மின்னோட்டம் அந்த மேட்டைக் கொஞ்சம் தின்றுவிடும். அல்நிக்கோ 2இன் புலம் வலுக் குறைந்தது என்பதால் அவுட்புட்டும் இறங்கும்.

வாங்குவதற்கு முன் பழைய காந்தத்தின் நீளம், அகலம், தடிமன் மூன்றையும் வெர்னியரில் அளங்கள். வழக்கமான அல்நிக்கோ பார் 63.5 × 12.7 × 3.2 மி.மீ. சில செராமிக் பார்கள் இதைவிடத் தடிமன். அப்படி இருந்தால் புதியது தளர்ந்து நின்று, ஆம்ப்பை ஏற்றும்போது வீறிடும்.

கம்பிகளைத் தளர்த்தி, பிக்கப்பை வளையத்தோடு வெளியே எடுத்து, மெத்தென்ற துணிமேல் கவிழ்த்து வையுங்கள். வயர் நீளம் போதுமானால் சாலிடரைக் கழற்றத் தேவையில்லை. உலோக மூடி இருந்தால் இரு பக்கமும் உள்ள சாலிடர் பொட்டை மெல்லிய ரம்பத்தால் அறுக்க வேண்டும். பிளேடை உள்பக்கம் செலுத்தாதீர்கள். 42 கேஜ் கம்பியே 0.063 மி.மீ.தான், 43 அதைவிட மெலிது. லேசாகப் பட்டாலே அறுந்துவிடும். அடித்தட்டில் பாபின்களை (சுருள் சுற்றிய பிளாஸ்டிக் சட்டங்கள்) பிடித்திருக்கும் நான்கு சிறு ஸ்க்ரூக்களை மூன்று நான்கு சுற்று தளர்த்தினால் போதும், முழுதாகக் கழற்ற வேண்டாம். மெழுகில் ஒட்டியிருந்தால் ஹேர் ட்ரையரால் இதமாகச் சூடு காட்டுங்கள். எபாக்ஸி ஊற்றி இறுக்கிய பிக்கப் என்றால் இங்கேயே நிறுத்திவிடுங்கள், திறந்தால் சுருள் மிஞ்சாது.

காந்தம் அகலவாக்கில் காந்தமேற்றப்பட்டது, அதாவது நீளமான ஒரு விளிம்பு வடக்கு, மறு விளிம்பு தெற்கு. வெளியே எடுக்கும் முன் சற்றுத் தள்ளி ஒரு திசைகாட்டியை வைத்து, ஸ்க்ரூ பக்கம் முள்ளின் எந்த முனையை இழுக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஐஸ் குச்சியால் பக்கவாட்டில் தள்ளினால் வெளியே வரும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் செராமிக் உடையும், சில்லு சுருளுக்குள் போகும். புதியதை அதே திசையில் நுழைத்து, நான்கு ஸ்க்ரூவையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக முறுக்குங்கள். ஒரே மூலையை இறுக்கினால் பாபின் சாயும், பிளாஸ்டிக்கில் மரையும் போய்விடும்.

அல்நிக்கோ 2 எளிதில் வலுவிழக்கும். கழற்றிய செராமிக் காந்தத்தை அதன் பக்கத்தில் போட்டுவைக்காதீர்கள்.

ஆறுகம்பி:

மிக்க நன்றி. 470 கிலோ ஓம், உயரம் இரண்டும் செய்தாயிற்று, கிளீன் சேனலில் நல்ல மாற்றம். நீங்கள் சொன்னது போலவே ட்ரெபிள் ப்ளீட் இருந்தது, எடுத்துவிட்டேன். அல்நிக்கோ 2 போட்டதும் அட்டாக் மென்மையாகிவிட்டது. ஆனால் சுவிட்சை நடுவில் வைத்தால் ஒலி உள்ளீடற்று, பாஸ் இல்லாமல் வருகிறது. பிரிட்ஜ் தனியாகச் சரியாக இருக்கிறது. நெக்கிலும் அல்நிக்கோ 2 போடலாமா?

ஈயப்புகை:

காந்தம் திரும்பிவிட்டது. இரண்டு பிக்கப்பும் எதிர்க் கட்டத்தில் ஒன்றையொன்று அழிக்கின்றன. மறுபடி தளர்த்தி, காந்தத்தை மேசைமேல் தட்டையாக வைத்தபடியே அரைவட்டம் சுழற்றி உள்ளே தள்ளுங்கள். நீளவாக்கு முனைகளைப் பிடித்துத் தலைகுப்புறப் புரட்டினால் விளிம்புகள் இடம் மாறாது, செய்த வேலை வீண். நெக்கில் வேண்டாம். அங்கே கம்பியின் ஆட்டம் ஏற்கெனவே பெரிது, அல்நிக்கோ 2 போட்டால் தடித்த கம்பிகள் தொளதொளத்துவிடும். குறையில்லை என்கிறீர்களே, அப்படியே விடுங்கள்.

சுருள்காரர்:

மூடும்முன் மீட்டரில் சுமார் 13.4 காட்டுகிறதா பாருங்கள்; 470 கிலோ ஓம் சேர்ந்ததால் முன்பிருந்த 13.8 வராது. 240 கிலோ ஓம் பக்கம் காட்டினால் ஏதோ ஒரு சுருளின் முனை அறுந்திருக்கிறது.

அதிக கெயினில் வீறிட்டால் மெழுகில் முக்குங்கள். பாரஃபின் நாலு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு. பாத்திரத்தை நேரடித் தீயில் வைக்காமல் வெந்நீருக்குள் வைத்து, வெப்பமானியில் 65 டிகிரி தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டினால் பாபின் நெளியும். குமிழி வருவது நிற்கும்வரை, பத்துப் பதினைந்து நிமிடம் போதும். எடுத்ததும் சூடாக இருக்கும்போதே போல் ஸ்க்ரூ தலைகளில் படிந்த மெழுகைத் துடைத்துவிடுங்கள். ஆறினால் காடியை அடைத்து, பிறகு உயரம் மாற்ற விடாது.